உங்களுக்குப் பிடித்த மார்ச் (அணிநடை) இசை எது? அது யாரை நினைவூட்டுகிறது?

யூபோனியக்காரன்
ஜனவரி 28, இரவு 9.40

போன கிழமை 100 ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலிமுகத்திடலுக்குக் கிட்ட பஸ் நின்றுவிட்டது. சுதந்திர தின ஒத்திகை, பொலிஸார் வீதியை மறித்திருந்தார்கள். யன்னலோர இருக்கை எனக்கு. முதலில் பாஸ் ட்ரம் மட்டும் கேட்டது. காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் முழு பாண்டும் கேட்டது. 'கேர்னல் போகி'. மடியில் கிடந்த என் வலது கை விரல்கள் மூன்றும் வால்வு அமத்தத் தொடங்கிவிட்டன. நான் யூபோனியம் என்ற அந்தப் பித்தளை ஊதுவாத்தியத்தைத் தொட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

1979 இல் கொழும்பில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாண்டில் சேர்ந்தேன். எங்கள் பாண்ட் மாஸ்ரர் மலே இனத்தவர். இராணுவ பாண்டில் இருந்து ஓய்வுபெற்றவர். தமிழ், சிங்களம், மலே மூன்றும் கலந்து பேசுவார், ஏசும்போது மட்டும் சுத்தமான தமிழ். முதல் மூன்று மாதம் வாத்தியத்தைத் தரவே இல்லை. மைதானத்தைச் சுற்றி நடக்க விட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு செக்கனுக்கு இரண்டு அடி, நிமிடத்துக்கு 120, பாஸ் ட்ரம் விழும்போது இடது கால் நிலத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லுவார். இன்றைக்கும் நான் காலி வீதியில் தனியாக நடக்கும்போது அந்தக் கணக்கில்தான் நடக்கிறேன் என்று மனைவி சொல்லுவாள்.

'கேர்னல் போகி'யின் கதையை அவர்தான் சொன்னார். எழுதியவர் ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பாண்ட் மாஸ்ரர். படையில் இருந்துகொண்டு வெளியில் இசை விற்பதை மேலிடம் விரும்பாத காலம், அதனால் கென்னத் அல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1914 இல், ஸ்கொட்லாந்தில் அவருடைய படைப்பிரிவு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம். அங்கே விளையாடிய ஒரு அதிகாரி, பந்து வருகிறது விலகுங்கள் என்று கத்துவதற்குப் பதிலாக இரண்டே சுரத்தில் விசிலடிப்பாராம். அந்த இரண்டு சுரத்தையும் பிடித்துக்கொண்டு ரிக்கெட்ஸ் முழு மார்ச்சையும் கட்டிவிட்டார். சங்கீதம் தெரிந்தவர்கள் பாடிப் பாருங்கள்: பஞ்சமத்தில் இருந்து காந்தாரத்துக்கு ஒரு இறக்கம். ப... க. அவ்வளவுதான்.

எனக்கு உயிர் ட்ரியோ என்கிற நடுப்பகுதி. அதுவரை அதிகாரமாகப் போன இசை அங்கே சுருதியை மாற்றி ஒரு படி இளகும். மெட்டை மேலே கிளாரினெட் வாசிக்க, கீழே யூபோனியத்துக்கென்று வேறொரு மெட்டு இருக்கும். கேட்கிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று உணர்வார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போது பதினைந்து வயதுப் பெடியனுக்கு வரும் பெருமை இருக்கிறதே! இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு நாங்கள் முன்னால் போவோம், பின்னால் நான்கு இல்லங்களும் கொடியோடு வரும். பார்வையாளர் பந்தலைக் கடக்கும்போது சரியாக ட்ரியோ வர வேண்டும் என்று மாஸ்ரர் காலடி எண்ணி வைத்திருப்பார்.

சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள். எந்த நாட்டு மார்ச் என்றாலும் பரவாயில்லை. எங்கே கேட்டீர்கள், யாரோடு கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.


கொட்டாஞ்சேனைவாசி
ஜனவரி 28, இரவு 10.25

நான் வாசித்தவன் இல்லை, பின்னால் நடந்தவன். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர் வீட்டுச் சாவு என்றால் முன்பு பாண்ட் பிடிப்பார்கள். பெரியப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்து மாதம்பிட்டி மயானம் வரைக்கும் ஹேண்டலின் 'சவுல்' மரண மார்ச். ட்ரம்மின் மேல் கறுப்புத் துணி சுற்றியிருந்தார்கள், அதனால் சத்தம் நிலத்துக்கு அடியில் இருந்து வருவது மாதிரி இருந்தது. நிமிடத்துக்கு 65 அடி போல அந்த நடை. சின்னப் பிள்ளைக்கு அப்படி மெதுவாக நடக்க வராது. நான் முன்னால் முன்னால் ஓடிவிட, அப்பா சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து இழுத்துத் தன்னோடு நிறுத்தினார். அப்பாவின் கை அன்றைக்கு நடுங்கியது. அண்ணனைப் புதைக்கப் போகிற தம்பி அவர் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது.

அதே பாண்ட்காரர்கள்தான் ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கும் வருவார்கள். அதே ட்ரம், கறுப்புத் துணி மட்டும் இருக்காது.


பஞ்சமம்
ஜனவரி 29, காலை 6.15

நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. தம்பி யூபோனியக்காரன் 'ப... க' என்று எழுதியதைப் பார்த்து, அதிகாலையிலேயே பாடிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தப் பாண்ட் இசைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பாண்ட் வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று சொல்வோம். 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் இல்லாமல் நேராக நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் அவற்றைத்தான் சொல்லிக் கொடுப்பேன். பிறகு மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடிய 'இங்கிலீஷ் நோட்டு' இருக்கிறது. இலங்கை வானொலியில் அது போனால் எங்கள் வீட்டில் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார்.

ட்ரியோவைப் பற்றி ஒன்று. நீங்கள் "இளகும்" என்று சொன்ன இடத்தில், பெரும்பாலான மார்ச்சுகளில் ஆதார சுருதி மத்திமத்துக்குப் போகிறது. நாங்களும் கச்சேரியின் பிற்பகுதியில் சில உருப்படிகளை மத்திம சுருதியில் பாடுவோமே, கிட்டத்தட்ட அதே காரியம், அதே இதம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் 'சவுல்' மார்ச்சும் மேஜர் ஸ்கேல்தான் தெரியுமா? அழுகைக்கு என்று நாங்கள் ஒதுக்கி வைத்த சுரம் ஒன்றும் அதில் இல்லை. 1739 இல் லண்டனில் முதலில் அரங்கேறியது. மெதுவாக நடக்க வைத்தே ஹேண்டல் அழ வைக்கிறார்.


மலாயாப் பேரன்
ஜனவரி 29, பகல் 12.50

'கேர்னல் போகி' என்றதும் என் மனதில் வருவது கித்துள்கல. குவாய் நதிப் பாலம் பற்றிய படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டு முகாமுக்குள் நடந்து வருகிற காட்சி எல்லோருக்கும் தெரியும். படம் வந்தது 1957 இல். கதை தாய்லாந்தில் நடந்தாலும் எடுத்தது இங்கே, களனி ஆற்றங்கரையில். நான் முகத்துவாரத்தில் வளர்ந்தவன். கித்துள்கலயில் அந்தப் பாலத்துக்கு அடியால் ஓடிய தண்ணீர்தான் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது.

என் அம்மப்பா மலாயன் பென்ஷனியர், மலாயாவில் வேலை செய்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர். ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். அந்தப் படத்தை எங்களோடு இருந்து ஒரே ஒரு தடவை பார்த்தார், விசில் காட்சியில் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அம்மம்மா சொன்னார். ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில்பாதை 415 கிலோமீற்றர், 1942 இல் தொடங்கி 1943 இல் முடித்தார்கள். படத்தில் காட்டுகிற வெள்ளைக்காரக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தது உண்மை. அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து ஏற்றப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களை ஏற்றிய ரயில்கள் அம்மப்பா வேலை செய்த ஸ்டேசனைத் தாண்டித்தான் போயின. பெட்டிகளில் எத்தனை பேர் என்று எழுதிய பேனா அவருடையது.

இதே அம்மப்பா மகிழ்ச்சியாக முணுமுணுத்த மார்ச்சும் உண்டு. 'கதம் கதம் படாயே ஜா', இந்திய தேசிய இராணுவத்தின் நடைப்பாட்டு. மெட்டுப் போட்டவர் ராம் சிங் தாக்குரி. அம்மப்பாவுக்கு ஹிந்தி தெரியாது, ஆனால் சவரம் செய்யும்போது அதுதான். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துவக்கோடு நடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும்போது அவருடைய குரல் உயரும்.


செண்பகம்
ஜனவரி 29, இரவு 11.05

யூபோனியக்காரன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். நல்லாய் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்குப் பிடித்த மார்ச் ஒன்றும் இல்லை.

2009 இல் நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. ஜூன் முதல் கிழமை காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு. அதற்கு முந்திய நாட்களில் ஒத்திகைச் சத்தம் எங்கள் நான்காம் மாடிக்கு நன்றாகக் கேட்கும். கூட வேலை செய்தவர்கள் யன்னலடியில் போய் நின்றார்கள். கெட்டவர்கள் இல்லை. எனக்குச் சாப்பாடு பகிர்ந்தவர்கள், காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள். அவர்கள் மேசையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டினார்கள். என் தம்பி கடைசியாகப் போன் எடுத்தது ஜனவரியில், புதுக்குடியிருப்பில் இருந்து. அம்மாவும் அப்பாவும் அப்போது செட்டிகுளம் முகாமில். நான் விலைப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன அதே ஒரு செக்கனுக்கு இரண்டு. அதற்கு ஏற்றபடி என் விரலும் கீபோர்டில் விழுவதைக் கண்டு கையை எடுத்துவிட்டேன்.

இப்போது மகளின் பள்ளிக்கூடத்தில் அணிநடை தொடங்கினால் நான் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவேன். முடிந்ததும் வந்து, "நல்லாய் நடந்தாய்" என்று அவளுக்குச் சொல்லுவேன். அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் யாருடைய விருப்பத்தையும் பிழை என்று சொல்ல வரவில்லை.


மொஸ்கோ 84
ஜனவரி 30, காலை 7.30

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி.

நான் 1984 இல் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போனவன். 'ஸ்லாவியங்காவின் பிரியாவிடை' என்று ஒரு மார்ச். 1912 இல், பால்கன் போர் நேரம், தம்போவ் நகரில் குதிரைப் படையில் ட்ரம்பெட் வாசித்த அகாப்கின் எழுதியது. போருக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற ஸ்லாவ் பெண்கள்தான் அந்தத் தலைப்பில் இருக்கிறார்கள். மைனர் ஸ்கேல். இதே அகாப்கின்தான் 1941 நவம்பர் 7 ஆம் திகதி, ஜெர்மன் படை மொஸ்கோவை நெருங்கிய வேளையில், செஞ்சதுக்க அணிவகுப்பில் பாண்டை நடத்தியவர். பனிக்குள் அணிநடை போட்ட பெடியன்கள் அங்கிருந்து நேரே போர்முனைக்குப் போனார்கள்.

நான் இருந்த ஹொஸ்டலில் துப்புரவு செய்த ஒரு பாட்டி, ரேடியோவில் அது போனால் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முடியும்வரை நிற்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தலைமுறையில் கேட்கத் தேவையும் இல்லை.

இன்னொன்று. வியன்னா புத்தாண்டுக் கச்சேரியில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டி ரசிக்கிற 'ராடெட்ஸ்கி மார்ச்' இருக்கிறதே, அது இத்தாலியர்களை 1848 இல் கஸ்டோசாவில் தோற்கடித்த தளபதியைப் புகழ்ந்து ஸ்ட்ராஸ் எழுதியது. என்னோடு படித்த இத்தாலியன் ஒருவன் அது தொடங்கினால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவான். நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகும். எங்களுக்கு இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை.


கொட்டாஞ்சேனைவாசி
ஜனவரி 30, காலை 8.10

2016 பெப்ரவரி 4 காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் பாடினார்களே, அன்றைக்கு என் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றார். முழங்கால் வருத்தம் உள்ளவர். அணிவகுப்பு தொடங்கியதும் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே காலையில், ஒரே மனுசி. செண்பகம் எழுதியதை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.


யூபோனியக்காரன்
ஜனவரி 30, இரவு 10.15

செண்பகம், உங்கள் பதிவுக்குப் பிறகு நேற்று நித்திரை வரவில்லை. நான் முதல் பதிவில் பாதிக் கதையைத்தான் எழுதினேன். மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

1983 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. பயிற்சி செய்ய யூபோனியத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மாஸ்ரரைக் கேட்டேன். பள்ளிக்கூடச் சொத்து, தரக் கூடாது. ஆனாலும் தந்தார். வெள்ளவத்தையில் எங்கள் வீடு ஒரு ஒழுங்கைக்குள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரைக்கும் 'கேர்னல் போகி' ட்ரியோவைத்தான் வாசித்தேன். திங்கட்கிழமை மத்தியானம் வீடு இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை மதிலால் ஏற்றி உள்ளே எடுத்து, பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டியது. அங்கிருந்து இரத்மலானை விமான நிலைய முகாம்.

முகாமில் எனக்கு இருந்த பயத்தைச் சொன்னால் இப்போது நம்ப மாட்டீர்கள். அப்பா வேலையைப் பற்றி யோசித்தார், அம்மா நகையைப் பற்றி. நான் யூபோனியத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மாஸ்ரர் வந்தார். சைக்கிளில். பாண்டில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, முகாம் முகாமாகத் தேடிக்கொண்டு வந்திருந்தார். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டார். பிறகு பையில் இருந்து இரண்டு றாத்தல் பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துத் தந்தார். கடைசியாகக் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு மவுத்பீஸ். எங்கள் வீட்டுச் சாம்பலுக்குள் போய்த் தேடியிருக்கிறார். யூபோனியம் வளைந்து நெளிந்து கிடந்ததாம், இது மட்டும் தனியாகக் கழன்று கிடந்ததாம். கரி பிடித்திருந்தது. "கணக்கை நான் பார்க்கிறேன். நீ இதை வைத்திரு" என்றார்.

பிறகு எங்களைக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். நான் கொழும்புக்குத் திரும்பி வந்தபோது மாஸ்ரர் இல்லை. மவுத்பீஸ் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கரியை நான் துடைக்கவில்லை.

அவர் இராணுவ பாண்டில் இருந்தவர் என்று முதலிலேயே எழுதினேன். பஸ்ஸில் எனக்குக் கேட்டது அவர்தான், சீருடைகள் இல்லை. உங்களுக்கு அதே சத்தத்தில் கேட்பது தம்பியின் போன் வராத நாட்கள். என்னுடையதை உங்களுக்குத் தந்து உங்களுடையதை மாற்ற என்னால் முடியாது, அதற்கு முயலவும் மாட்டேன். குழாயடிக்குப் போங்கள், தங்கச்சி. மகளுக்கு எப்போது சொல்வது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று. இதே அல்ஃபோர்ட் எழுதிய இன்னொரு மார்ச் இருக்கிறது, 'த வனிஷ்ட் ஆர்மி', மறைந்துபோன படை. முதலாம் உலகப் போரில் செத்த முதல் ஒரு இலட்சம் பேருக்காக எழுதியது. மார்ச்தான், நடக்கலாம். ஆனால் வெற்றி ஒன்றும் அதில் இல்லை. கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.


பாஸ்ட்ரம் பெட்டை
ஜனவரி 31, பகல் 3.20

வணக்கம் அங்கிள். நான் பத்தாம் ஆண்டு. எங்கள் பள்ளிக்கூட பாண்டில் பாஸ் ட்ரம். அடுத்த மாதம் விளையாட்டுப் போட்டி. நான் எப்போதும் வேகமாகப் போய்விடுகிறேன் என்று மிஸ் ஏசுகிறார். தொடங்கும்போது சரி, மைதானத்தின் மற்றப் பக்கம் போகும்போது எல்லோரும் ஓடுகிறார்கள். என்ன செய்யலாம்?


யூபோனியக்காரன்
ஜனவரி 31, மாலை 5.45

மகள், கையை விடுங்கள், காலைப் பாருங்கள். ட்ரம்மை இறக்கி வைத்துவிட்டு ஒரு கிழமை சும்மா நடவுங்கள், கடிகாரத்தோடு. பதற்றம் வந்தால் அடி நீளம் குறையும், அடி குறைந்தால் வேகம் கூடும். அதனால் அடியை நீளமாக வையுங்கள், கை தானாக அடங்கும். இன்னொன்று, சத்தமாக அடித்தால்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். சரியான இடத்தில் விழுந்தால் மெதுவாக அடித்தாலும் பின்வரிசை பிடித்துக்கொள்ளும். ட்ரியோவில் மட்டும் ட்ரம்மைப் பாதியாகக் குறையுங்கள். யூபோனியம் யார் வாசிக்கிறார் என்று தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளையின் மெட்டு கேட்கட்டும்.


பஞ்சமம்
ஜனவரி 31, மாலை 6.30

சரியான அறிவுரை. வாயால் தாளம் சொல்லிக்கொண்டே நடந்தால் இன்னும் நல்லது, பிள்ளை. தகதிமி, தகதிமி. இடது காலுக்குத் 'த', வலது காலுக்குத் 'தி'.


செண்பகம்
பெப்ரவரி 3, இரவு 11.50

அண்ணா, மவுத்பீஸ் கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீங்கள் ஏன் அணிநடை பார்ப்பதில்லை?" அவள் போன வருடமே கண்டுபிடித்துவிட்டாளாம். நான் சொல்லட்டும் என்று இருந்தாளாம். மாமாவைப் பற்றி அவளிடம் முதல் தடவையாக இன்றைக்கு முழுதாகப் பேசினேன்.

அவள் நித்திரை கொண்ட பிறகு நீங்கள் சொன்ன அந்த மார்ச்சை ஹெட்போனில் போட்டேன். பாதிவரை கேட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன்.


யூபோனியக்காரன்
பெப்ரவரி 4, அதிகாலை 5.20

பாதி போதும், தங்கச்சி. நிறுத்திய இடத்துக்கு அப்புறம் ட்ரியோ வரும். அது எங்கேயும் போகாது.